பச்சை நீரில் பந்தி யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஏரிகளில் திடீரெனப் பச்சைப் படலம் படர்வது ஏன் என்று கேட்ட ஒரு வாசகருக்குச் சுருக்கமாக விடையளித்திருந்தோம். கழிவுநீரிலிருந்தும் உரத்திலிருந்தும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் மிகுதியாக வந்து சேரும்போது பாசி பெருகுகிறது என்பதே அந்த விடையின் சாரம். அது பாதிக் கதைதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. பெருகிய பாசியை யார் தின்கிறார்கள், தின்னாமல் எஞ்சுவது எங்கே போகிறது, கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அதில் என்ன பங்கு என்று வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாசியை நுண்விலங்குகள் தின்னும், அவற்றைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்படியானால் பாசி மிகுந்த ஏரியில் மீனும் மிகுந்திருக்க வேண்டும். நடப்பதோ தலைகீழாக இருக்கிறது. பாசி பெருகிய ஏரியில் மீன்கள் செத்து மிதப்பது ஏன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: நீங்கள் கற்பித்த சங்கிலி பொய்யன்று, ஆனால் அதன் முதல் கண்ணி எல்லாப் பாசிக்கும் பொருந்தாது. ஊட்டச்சத்து மிகுந்த ஏரிகளில் வெப்பமான மாதங்களில் பெருகுபவை பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசிகள். பெயரில் பாசி என்று இருந்தாலும் செல்லமைப்பால் இவை பாக்டீரியாக்களே. ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் பாக்டீரியாக்கள். இவற்றுள் அடிக்கடி காணப்படும் மைக்ரோசிஸ்டிஸின் தனிச் செல் 3 முதல் 5 மைக்ரான் வரைதான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு விழுங்குவதற்குத் தோதான அளவுதான் அது. ஆனால் ஏரியில் அது தனிச் செல்லாக இருப்பது அரிது. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் செல்கள் வழுவழுப்பான கூழ்ப்பொருளில் புதைந்து, வெறுங்கண்ணுக்கே புலப்படும் திரளைகளாக மிதக்கின்றன. நீர்த்தெள்ளின் கால்களில் உள்ள சீப்பு போன்ற வடிகட்டி, ஏறத்தாழ 1 முதல் 30 மைக்ரான் வரையுள்ள துகள்களைத்தான் வசதியாகப் பிடிக்கும். திரளைகள் அதற்கு அடங்கா. இழை வடிவில் வளரும் வகைகளோ அந்தச் சீப்பிலேயே சிக்கிக்கொள்ளும். அவற்றை உதறித் தள்ளுவதற்கே அந்தச் சிறு விலங்கின் ஆற்றல் செலவாகிவிடும். தப்பித்தவறி உள்ளே போனாலும் சத்து போதாது. நீர்த்தெள்ளு தானாக ஆக்கிக்கொள்ள முடியாத ஸ்டீரால்கள் என்னும் கொழுப்புப் பொருள்கள் நீலப்பச்சைப்பாசியில் ஏறக்குறைய இல்லை. நீண்ட தொடர் கொழுப்பு அமிலங்களும் மிகக் குறைவு. சில இனங்களில் நச்சும் உண்டு.

ஆகவே, ஒளியிலிருந்து ஆக்கப்பட்ட உணவின் பெரும்பகுதி நேராக எந்த விலங்கின் வாய்க்கும் போவதில்லை. உயிரோடிருக்கும் பாசியிலிருந்தே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஓரளவு நீரில் கசிகின்றன. பாசி செத்து உடையும்போதும், வைரஸ் தாக்கி வெடிக்கும்போதும் மீதி முழுவதும் கொட்டுகிறது. கரைந்த பொருளை மீனோ நீர்த்தெள்ளோ வாயால் அள்ளிக்கொள்ள முடியாது. அதை உறிஞ்சி மறுபடி உடலாக மாற்றவல்லவை பாக்டீரியாக்களே. அந்தப் பாக்டீரியாக்களைக் கசையிழை உயிரிகள் என்னும் ஒற்றைச்செல் வேட்டைக்காரர்கள் தின்கின்றன. அவற்றைப் பள்ளியில் நாம் பார்த்த பரமீசியத்தின் உறவினர்களான குற்றிழை உயிரிகள் தின்கின்றன. அதற்குப் பிறகுதான் நுண்விலங்குகளின் முறை வருகிறது.

ஒவ்வொரு படியிலும் உணவின் பெரும்பங்கு சுவாசத்தில் எரிந்துவிடும் என்பதால், படிகள் கூடக்கூட மேலே சேர்வது குறையும். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடலாம். 100 கிராம் கார்பனை நுண்விலங்கு நேராகத் தின்று 20 விழுக்காட்டை உடலாக்கினால் 20 கிராம்; அதை மீன் தின்று 10 விழுக்காட்டை உடலாக்கினால் 2 கிராம். அதே 100 கிராம் பாக்டீரியா வழியாகச் சுற்றிவந்தால், பாக்டீரியா, கசையிழை உயிரி, குற்றிழை உயிரி ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் 30 விழுக்காட்டைக் காப்பாற்றுவதாக வைத்தாலும், முறையே 30, 9, 2.7 என்று இறங்கி, நுண்விலங்கைத் தாண்டி மீனை அடைகையில் ஏறத்தாழ 0.05 கிராம்தான் மிஞ்சும். உண்மையான விழுக்காடுகள் ஏரிக்கு ஏரி மாறும். ஆனால் இழப்பின் போக்கு இதுதான்.

எரிந்துபோன மீதி எதை எரித்தது என்று கேட்டால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கும் விடை கிடைக்கும்: நீரில் கரைந்த ஆக்சிஜனை. 30 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனையே தாங்கும். அது 2 அல்லது 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் திணறும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் நிலைமை தெரியாது. இரவில் பாசியும் பாக்டீரியாவும் மற்ற எல்லா உயிர்களும் சுவாசிக்க மட்டுமே செய்வதால் அளவு இறங்கிக்கொண்டே போய் விடியற்காலையில் அடிமட்டத்தைத் தொடும். மீன்கள் பெரும்பாலும் விடியலில் மேலே வந்து வாய் பிளப்பதும் சாவதும் அதனால்தான். பாசி கூட்டமாகச் சாகும் நாட்களில் பாக்டீரியாவின் பசி பன்மடங்காகி, பகலிலேயே கூட ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதுண்டு.

கேள்வி: பாக்டீரியா வழியாக உணவு சுற்றிவருவதை நுண்ணுயிர் வளையம் என்கிறார்கள். இவ்வளவு பெரிய செய்தி பாடநூல்களில் இவ்வளவு தாமதமாக நுழைந்தது ஏன்?

பதில்: எண்ணத் தெரியாததால்தான். நெடுங்காலம், நீரிலுள்ள பாக்டீரியாவை எண்ணுவதென்றால் ஒரு சொட்டை ஊட்டக்கூழ்த் தட்டில் பரப்பி, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவதாகவே இருந்தது. நீரில் வாழும் பாக்டீரியாக்களில் நூற்றில் ஒன்று கூட அந்தத் தட்டில் வளர விரும்புவதில்லை என்பதால், பாக்டீரியா சிறுபான்மை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். 1970களில், மரபுப்பொருளில் ஒட்டி ஒளிரும் சாயங்களைச் சேர்த்து, மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் நீரை வடித்து, புற ஊதா அல்லது நீல ஒளியில் நேராகப் பார்க்கும் முறை வந்தது. அப்போதுதான் சாதாரண ஏரிநீரின் 1 மில்லிலிட்டரில் பத்து இலட்சம் பாக்டீரியாக்களும், ஊட்டச்சத்து மிகுந்த நீரில் அதைப்போல் சில மடங்கும் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கடலைப் பற்றி லாரன்ஸ் பாமராய் 1974-இல் எழுதிய கட்டுரை, பழைய சங்கிலியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று வாதிட்டது. ஃபரூக் ஆசமும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் நுண்ணுயிர் வளையம் என்ற பெயரைச் சூட்டினார்கள். 1989-இல் மின்னணு நுண்ணோக்கியில் வைரஸ்களை எண்ணியபோது, 1 மில்லிலிட்டரில் 25 கோடி வரை இருந்தன. அவ்வளவு பெரிய எண் கிடைத்தது கடலில் அன்று. ஜெர்மனியில் உள்ள, ஊட்டச்சத்து மிகுந்த ஓர் ஏரியில்.

வளையம் என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை. ஒரே திசையில் ஒழுங்காகச் சுற்றுவது போன்ற படத்தை அது மனத்தில் எழுப்பிவிடுகிறது. ஏரியில் இருப்பது பல குறுக்குவழிகள் கொண்ட வலை. எடுத்துக்காட்டாக, நீர்த்தெள்ளு பாக்டீரியாவை நேராகவே வடித்துத் தின்னவல்லது. அது நிறைந்திருக்கும் ஏரியில் மேலே சொன்ன ஐந்து படிகள் மூன்றாகச் சுருங்கிவிடும். பாசி பெருகும் பருவத்தில் அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்: திரளைகளும் இழைகளும் ஒருபுறம் தொல்லை தர, மறுபுறம் அவ்வாண்டு பிறந்த மீன்குஞ்சுகள் பெரிய நீர்த்தெள்ளுகளைத் தேடிப்பிடித்துத் தின்றுவிடும். எஞ்சுபவை, வாயருகே சக்கரம் சுழல்வது போன்ற இழைகளைக் கொண்ட மிகச் சிறு விலங்குகளான சக்கர உயிரிகளும் சிறிய வகை நீர்த்தெள்ளுகளுமே. அவற்றால் குற்றிழை உயிரிகளை முழுமையாகக் கட்டுப்படுத்த முடிவதில்லை என்பதால் நீண்ட வழியே பெருவழியாகிறது.

கேள்வி: பாசித் திரளையைச் சுற்றியுள்ள கூழில் பாக்டீரியாக்கள் குடியிருப்பதாகப் படித்தேன். அவை பாசிக்கு நண்பர்களா, எதிரிகளா? (கல்லூரி மாணவி)

பதில்: குடித்தனக்காரர் என்பது பொருத்தமான சொல்லாக இருக்கும், வாடகை ஒழுங்காகத் தருகிறவர்களும் உண்டு, வீட்டையே இடிப்பவர்களும் உண்டு. பாசிச் செல்லைச் சுற்றி, அது கசியவிடும் பொருள்கள் செறிந்திருக்கும் மெல்லிய மண்டலத்துக்கு ஆய்வாளர்கள் 1972-இலேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். நிலத்தில் வேரைச் சுற்றியுள்ள மண் எப்படியோ, நீரில் இது அப்படி. மைக்ரோசிஸ்டிஸின் கூழ் அந்த மண்டலத்தின் பருத்த வடிவம். ஏரிநீர் முழுவதும் உணவு நீர்த்துப்போய்க் கிடக்க, இங்கே மட்டும் அது ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. ஆகவே திறந்த நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களும் கூழில் வாழ்பவையும் பெரும்பாலும் வெவ்வேறு இனங்கள்.

வாடகை பல வகையில் செலுத்தப்படுகிறது. பாசி அடர்ந்த நீரில் நண்பகலில் கரியமில வாயு தீர்ந்து, காரகாடித் தன்மையின் குறியீடு (pH) 9-ஐயும் தாண்டி ஏறுவது வழக்கம். அந்த நேரத்தில் பக்கத்திலேயே மூச்சுவிடும் பாக்டீரியா தரும் கரியமில வாயு பாசிக்குக் கைமேல் கிடைத்த உணவு. இறந்த செல்களில் சிக்கிய பாஸ்பரஸைப் பாக்டீரியாவின் நொதிகள் விடுவிக்கின்றன. கடும் வெயிலில் உருவாகிப் பாசியைத் தாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. பச்சைப்பாசிகள், கண்ணாடி போன்ற ஓடுடைய டயாட்டம்கள் போன்ற உண்மையான பாசிகளில் பல, வைட்டமின் பி12-ஐத் தாமே ஆக்க முடியாமல் பாக்டீரியாவிடமிருந்து பெறுகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும் அனபீனா என்னும் இழைவடிவ நீலப்பச்சைப்பாசி வகைகளில், அந்த வேலைக்கென்றே தடித்த சுவருடன் அமைந்த செல்களின் விளிம்பில் பாக்டீரியாக்கள் மொய்த்துக்கொண்டிருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. மொய்க்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை உறிஞ்சி அந்த இடத்தைக் காக்கின்றன என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இவ்வளவும் செய்யும் கூட்டத்தின் நடுவிலேயே, பாசிச் செல்லின் சுவரைக் கரைத்து உடைக்கும் பாக்டீரியாக்களும் பதுங்கியிருக்கின்றன. வளர்ச்சி நன்றாக இருக்கும்வரை அவற்றின் கை ஓங்குவதில்லை. பாசி நலியத் தொடங்கியதும் பெருகுகின்றன. ஆய்வகத்தில் தூய வளர்ப்பாக வைத்தால் மைக்ரோசிஸ்டிஸ் நாளடைவில் திரளை கட்டுவதையே விட்டுவிட்டுத் தனிச் செல்களாகிவிடும். கசையிழை வேட்டைக்காரர்களை உள்ளே விட்டால் மீண்டும் திரளத் தொடங்கும். கூழ் என்பது குடியிருப்பாக அமைவதற்கு முன்பே ஒரு கோட்டைச் சுவராக வேலை செய்கிறது என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அப்படியானால் நீலப்பச்சைப்பாசியைத் தின்பவர் யாருமே இல்லையா?

பதில்: இருக்கிறார்கள், ஆனால் நாம் பார்க்கும் அளவில் இல்லை. சில அமீபாக்கள் மைக்ரோசிஸ்டிஸ் திரளைக்குள்ளேயே ஊர்ந்து புகுந்து செல் செல்லாக விழுங்கும். நாசுலா என்னும் குற்றிழை உயிரி, கூடை போன்ற வாயமைப்பைக் கொண்டு இழைப்பாசியின் நுனியைப் பற்றி, நூடுல்ஸை உறிஞ்சுவது போல உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். அதன் உடலுக்குள் செரிமானமாகும் பாசியின் நிறங்கள் ஊதாவும் நீலமுமாகத் தெரிவது நுண்ணோக்கியில் பார்த்து மறக்க முடியாத காட்சி. ஓக்ரோமோனாஸ் போன்ற கசையிழை உயிரிகள் தனிச் செல்களைப் பிடித்துத் தின்கின்றன. இவை ஒளிச்சேர்க்கையும் செய்யும், வேட்டையும் ஆடும் இருவகை வாழ்வினர்.

தின்பவர் பட்டியலில் வைரஸையும் பூஞ்சையையும் சேர்க்காவிட்டால் கணக்கு முடியாது. மைக்ரோசிஸ்டிஸைத் தாக்கும் ஒரு வைரஸ் ஜப்பானின் மிகாட்டா ஏரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2006-இல் விவரிக்கப்பட்டது. இத்தகைய வைரஸ்கள் ஓர் இனத்தின் எல்லா வகைகளையும் தாக்குவதில்லை. குறிப்பிட்ட சில வகைகளை மட்டுமே தாக்கும். மைக்ரோசிஸ்டிஸும் சும்மா இருப்பதில்லை. முன்பு தாக்கிய வைரஸின் மரபுத்துணுக்குகளைத் தன் மரபணுத் தொகுதியில் சேமித்துவைத்து, அடுத்த முறை அடையாளம் காணும் தற்காப்பு அதனிடம் வளமாக உண்டு. எனவே வைரஸ் பெரும்பாலும் செய்வது பாசிப்பெருக்கை ஒரேயடியாக ஒழிப்பதன்று. இன்று ஓங்கியிருக்கும் வகையை வீழ்த்தி, நாளைக்கு வேறொரு வகைக்கு இடம் விடுவது. வெடித்த செல்லின் உள்ளடக்கம் பாக்டீரியாவுக்குப் போகிறது. விலங்குகளுக்குப் போக வேண்டிய உணவை இப்படி வைரஸ் மடைமாற்றிவிடுகிறது.

பூஞ்சையின் கதை இதற்கு நேர் எதிரானது, எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. கைட்ரிட் என்னும் நுண்பூஞ்சைகள், நீர்த்தெள்ளு விழுங்க முடியாத பெரிய டயாட்டம்களிலும் இழைப்பாசிகளிலும் ஒட்டி, உள்ளே வேர் போன்ற இழைகளைச் செலுத்தி உறிஞ்சுகின்றன. பிறகு 2 முதல் 5 மைக்ரான் அளவுள்ள, வால் ஆட்டி நீந்தும் வித்துகளை வெளிவிடுகின்றன. அந்த வித்துகள் நீர்த்தெள்ளின் வடிகட்டிக்கு மிகப் பொருத்தமான அளவு. பாசியில் இல்லாத ஸ்டீரால்களும் நல்ல கொழுப்பு அமிலங்களும் அவற்றில் உண்டு. விழுங்க முடியாத ஒன்றை விழுங்கத்தக்க கவளமாக உருட்டிக் கொடுக்கும் வேலையை ஓர் ஒட்டுண்ணி செய்கிறது. நோய் என்று நாம் ஒதுக்குவது, உணவு வலையின் கணக்கில் பாலமாகிறது.

கேள்வி: பாக்டீரியாவைத் தின்ன இத்தனை உயிர்கள் இருந்தும் பாக்டீரியா எப்படித் தீராமல் இருக்கிறது?

பதில்: ஒரு கசையிழை உயிரி மணிக்குப் பத்து முதல் நூறு பாக்டீரியாக்கள் வரை தின்னும், ஊட்டச்சத்து மிகுந்த ஏரியில் 1 மில்லிலிட்டருக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் கசையிழை உயிரிகள் வரை இருக்கும். பெருக்கிப் பார்த்தால், பாக்டீரியா அன்றாடம் பெருகும் அளவில் பெரும்பகுதி அன்றன்றே தின்னப்படுகிறது என்பது விளங்கும். தப்பிப்பவை மூன்று வழிகளைக் கையாள்கின்றன. சில வகைகள் பிடிபடுவதை ஈடுகட்டும் வேகத்தில் பெருகும். சில, கடுமையாக வேட்டையாடப்படும்போது 10 மைக்ரானுக்கு மேல் நீண்ட இழைகளாகவோ, கொத்துகளாகவோ வளர்ந்து வாய்க்கு அடங்காமல் போகும். ஏரிகளில் மிகுதியாகக் காணப்படும் ஆக்டினோபாக்டீரியா வகையொன்றோ இதற்கு மாறாக, வேட்டைக்காரர் கவனிக்காத அளவுக்குச் சிறுத்துவிட்டது. பெரிதாகித் தப்பிப்பதும் சிறிதாகித் தப்பிப்பதும் ஒரே சொட்டு நீரில் நடக்கின்றன.

கேள்வி: பாக்டீரியாவும் பாஸ்பரஸை உறிஞ்சிக்கொள்ளும் என்றால், அது பாசிக்குப் போட்டியாகி பாசிப்பெருக்கைக் குறைக்க வேண்டுமே?

பதில்: போட்டி உண்மைதான், அதில் பாக்டீரியா வல்லதும் கூட. உடலளவைப் பார்க்கையில் பரப்பு அதிகம் என்பதால் மிகக் குறைந்த செறிவிலுள்ள பாஸ்பேட்டையும் அது பிடித்துவிடும். கார்பனை ஒப்பிடுகையில் பாசியைவிடப் பாக்டீரியாவின் உடலில் பாஸ்பரஸ் கூடுதல். ஆனால் பிடித்ததை அது வைத்துக்கொள்ள முடிவதில்லை. பாக்டீரியாவைத் தின்னும் கசையிழை உயிரி, தனக்கு வேண்டியதற்கு மேலுள்ள பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் பாஸ்பேட்டாகவும் அம்மோனியாவாகவும் கழித்துவிடுகிறது. அவை பாசி உடனே உறிஞ்சத்தக்க வடிவங்கள். வெளியிலிருந்து ஒரு துளி உரம் கூட வராத வாரங்களிலும் பாசிப்பெருக்கு தளராமல் நிற்பதற்கு இந்த உள்ளூர் மறுசுழற்சி ஒரு முக்கியக் காரணம். நீர்ப்பரிசோதனையில் கரைந்த பாஸ்பேட் ஏறக்குறைய இல்லை என்று வந்தால் ஏரி தூய்மையாகிவிட்டதாக எண்ணக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். இருந்த பாஸ்பரஸ் முழுவதும் உயிருடல்களுக்குள் கைமாறிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மொத்த பாஸ்பரஸின் அளவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: பாஸ்பரஸா, நைட்ரஜனா, எது முதற் குற்றவாளி?

பதில்: நன்னீர் ஏரிகளில் பாஸ்பரஸ் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று, கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 226 என்ற எண்ணால் அறியப்படும் சோதனை ஏரி. 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அதைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சையாகியது. ஆனால் நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்த முடியாத மைக்ரோசிஸ்டிஸ் ஓங்கிய ஏரிகளில் இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்டால் பாசி இரண்டே நாளில் செத்துவிடுகிறது. பிறகு ஏன் வல்லுநர்கள் தயங்குகிறார்கள்?

பதில்: பாசி சாகும் என்பதில் ஐயமில்லை, செத்த பாசி எங்கும் போய்விடாது என்பதுதான் தயக்கத்தின் காரணம். மைக்ரோசிஸ்டிஸின் நச்சான மைக்ரோசிஸ்டின், உயிருள்ள செல்லில் பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டிருக்கும். செல்லோடு சேர்த்து வடிகட்டினால் நச்சும் போய்விடும். தாமிர உப்பு செல்லை உடைத்ததும் அது நீரில் கரைந்துவிடுகிறது. அதன்பின் மணல் வடிகட்டியால் பிடிக்க முடியாது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசியை ஒழிக்க மயில்துத்தம் இட்ட சில நாட்களில் 148 பேர், அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள், கல்லீரல் பாதிப்போடு நோயுற்றார்கள். அங்கே இருந்த பாசி வேறு, நச்சும் வேறு, பாடம் ஒன்றுதான்.

இரண்டாவது தயக்கம் நாம் முதலிலிருந்தே பேசிவரும் வலையைப் பற்றியது. வாரக்கணக்கில் சிறுகச் சிறுகப் பாக்டீரியாவுக்குப் போயிருக்க வேண்டிய உணவு ஒரே நாளில் கொட்டப்படுகிறது. பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருகிவிடும். அவற்றைக் கட்டுப்படுத்தும் கசையிழை உயிரிகள் பின்தங்கும், அவற்றில் பலவும் நீர்த்தெள்ளும் தாமிரத்தாலேயே மடிந்திருக்கும். ஆக்சிஜன் தீரும். தீர்ந்த பின் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். மருந்தே போடாமல் பாசி தானாகக் குவிந்து அழுகினாலும் இதுவே நேரும். சீனாவின் தாய் ஏரியில் 2007 மே இறுதியில் குவிந்த நீலப்பச்சைப்பாசி அழுகியபோது, கந்தகச் சேர்மங்களின் நாற்றத்தால் வூசி நகரத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பேருக்குக் குழாய்நீர் பயன்படாமல் போனது. அந்த நாற்றத்தைப் பாசி உண்டாக்கவில்லை. பாசியைத் தின்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கின.

நச்சைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் ஏரியில் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அநீதியாகும். ஸ்பிங்கோமோனாஸ் வகையைச் சேர்ந்த ஒன்று மைக்ரோசிஸ்டினின் வளைய அமைப்பை ஒரே வெட்டில் நேர்க்கோடாக்கி அதன் நச்சை வெகுவாகக் குறைப்பது 1990களில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. ஆனால் அவை போதிய அளவு பெருக நாட்களோ வாரங்களோ ஆகும். ஏரியின் அவசரம் வேறு, குழாயடியில் நிற்பவரின் அவசரம் வேறு.

கேள்வி: பாசி பெருகிய ஏரியின் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. கொதிநிலையில் மைக்ரோசிஸ்டின் அழிவதில்லை. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியின் நச்சு குழாய்நீரில் கலந்தபோது, கொதிக்கவைக்க வேண்டாம் என்றே மக்களை எச்சரித்தார்கள். குடிநீரில் வாழ்நாள் முழுவதற்குமான வரம்பாக உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு, மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்னும் வகைக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த ஓர் ஏரியில் கழிவுநீர் வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும் ஒவ்வோர் ஆண்டும் பாசி வருகிறது. செய்த வேலை வீணா?

பதில்: வீணில்லை, ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. பல ஆண்டுகள் வந்த பாஸ்பரஸ் அடிவண்டலில் இரும்போடு பிணைந்து கிடக்கிறது. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு தன் வடிவம் மாறிக் கரைய, பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மேலேறும் என்பதைக் கிளிஃபர்ட் மார்ட்டிமர் 1940களின் தொடக்கத்திலேயே காட்டினார். மேலே சொன்ன ஹைட்ரஜன் சல்பைடும் இரும்பைத் தன்பக்கம் பிடித்துக்கொள்வதால், பாஸ்பரஸுக்குத் திரும்பிப் பிணைய ஆளில்லாமல் போகிறது. அழுகும் பாசி ஆக்சிஜனைத் தீர்க்க, அது வண்டலைத் திறந்துவிட, வண்டல் அடுத்த பாசிக்குத் தீனி போடுகிறது.

ஆழமான ஏரிகள் விரைவில் மீளும். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய, 65 மீட்டர் வரை ஆழமுள்ள வாஷிங்டன் ஏரியில் 1963-இல் தொடங்கி 1968-க்குள் கழிவுநீரைத் திருப்பிவிட்டபின், சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன்: 1976-இல் நீர்த்தெள்ளுகள் பெருகி, தெளிவு இன்னும் ஒருபடி கூடியது. அவற்றைத் தின்னும் ஒரு சிறு இறால் போன்ற விலங்கு முன்பே குறைந்திருந்தது. அவற்றின் வடிகட்டியை அடைத்துக்கொண்டிருந்த இழைப்பாசியும் அதற்குள் மறைந்துபோயிருந்தது. பாஸ்பரஸ் குறைந்ததோடு குறுக்குவழியும் திறந்துகொண்டது. ஆழம் குறைந்த ஏரிகளிலோ வண்டலுக்கும் நீருக்கும் இடையே தொடர்பு ஓயாது. அங்கே புதிய நிலைக்கு வர 10 முதல் 15 ஆண்டுகள் வரை பிடிப்பது பொதுவாகக் காணப்படுவது. பொறுக்க முடியாதவர்கள் வண்டலையே அள்ளியதுண்டு. ஸ்வீடனின் ட்ரம்மன் ஏரியில் 1970, 1971 ஆண்டுகளில் மேல்வண்டலை உறிஞ்சி அகற்றியது நல்ல பலன் தந்தது. அதற்கான செலவும் அள்ளிய சேற்றுக்கான இடமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: பள்ளியிலுள்ள சாதாரண நுண்ணோக்கியில் இவற்றில் எதையாவது பார்க்க முடியுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

பதில்: நிறையவே பார்க்கலாம். ஆசிரியரோடு போய், கையுறை அணிந்துகொண்டு, நீரை வாயில் படாமல் ஒரு கண்ணாடிக் குப்பியில் முக்கால் அளவு எடுத்து மூடி, ஓர் இரவு அசைக்காமல் வை. பச்சை மேலே வந்து வளையம் கட்டினால், செல்லுக்குள் வாயுக் குமிழ்களை வைத்து மிதக்கும் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. பிறகு மேலிருந்து ஒரு சொட்டை எடுத்து, முதலில் 100 மடங்கு பெருக்கத்தில் பார். ஒழுங்கற்ற மேகம் போன்ற திரளைகளில் கரும்புள்ளிகளாகத் தெரிபவை மைக்ரோசிஸ்டிஸ் செல்கள். மணிமாலை போன்ற இழை அனபீனா. 400 மடங்குக்கு மாற்றித் திரளையின் ஓரத்திலேயே கண்ணை வைத்திரு. காம்பில் தொங்கும் மணியைப் போன்ற வோர்ட்டிசெல்லா ஒட்டிக்கொண்டிருந்தால், அதன் வாயைச் சுற்றிய இழைகள் நீரைச் சுழற்ற, மிகச் சிறு புள்ளிகள் அந்தச் சுழலில் சிக்கி உள்ளே போவது தெரியும். அந்தப் புள்ளிகள்தாம் பாக்டீரியாக்கள். நுண்ணோக்கியை லேசாகத் தட்டினால் மணியின் காம்பு சுருள்வில் போலச் சட்டென்று சுருங்கும். மறுபடி நீள்வதற்குச் சில நொடிகள் காத்திரு.